இருபத்திரண்டு ரோஜாவும் முப்பத்தாறு கோஸும்

மார்ச் 28

ஃபோர்சிதியா புதர் மஞ்சளாகப் பூத்துவிட்டது. அது பூத்தால் ரோஜாவை வெட்ட வேண்டும். லைப்சிக் நகரில் கத்தரிக்கோல் வைத்திருக்கும் அத்தனை பேரும் இன்று வெட்டினார்கள். நானும் முக்காலியில் உட்கார்ந்தபடியே இருபத்திரண்டு செடிகளையும் வெட்டினேன். போன அக்டோபரில் உருளைக்கிழங்குப் பாத்தியை எடுத்துவிட்டு நட்டவை. முழங்கால் உயரத்துக்கு மேல் வளராது, மருந்து அடிக்க வேண்டாம், வாடிய பூவைக் கிள்ளக்கூட வேண்டாம் என்று சீட்டில் போட்டிருந்தது. முழங்கால் போன பொம்பளைக்கு வேறென்ன வேண்டும்?

வேலிக்கு அந்தப் பக்கம், 48-ஆம் தோட்டத்தில், பெனிஷ் நூல் கட்டிப் பாத்தி பிடித்துக்கொண்டிருந்தார்.

"வெட்டியாச்சா பவுலி மேடம்?"

"ஆச்சு பெனிஷ் சார்."

பதினொரு வருடமாகப் பக்கத்துத் தோட்டம். இன்று கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டோம்.

ஏப்ரல் 16

எங்களுக்கெல்லாம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் சங்கத்திலிருந்து கடிதம். இரண்டாவது நோட்டீஸ். தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு சாப்பிடுகிற பயிராக இருக்க வேண்டும் என்பது விதி. என்னிடம் ஒரு ஆப்பிள் மரமும் ஒரு பிடி வெங்காயமும் இருக்கின்றன. செப்டம்பர் 9 அன்று பார்வையிட வருவார்கள். அன்றும் குறை இருந்தால் குத்தகை ரத்து.

முதல் நோட்டீஸ் நவம்பரில் வந்தது. அது சமையலறை இழுப்பறையில் இருக்கிறது. இதையும் அங்கேயே வைத்தேன்.

ஏப்ரல் 17

வைத்துவிட்டால் போய்விடுமா?

முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டினேன். நேரத்துக்கு எடுத்தேன், நேரத்துக்கு நிறுத்தினேன். இப்போது வீடு நாலாவது மாடி. பால்கனி கிடையாது. இந்தத் தோட்டம் போனால் நான் எங்கே போவேன்? யாரும் "காலை வணக்கம்" சொல்லாமல் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், பயமாகத்தான் இருக்கிறது.

கோஸ் நட மண்டி போட வேண்டும். என்னால் முடியாது. முழங்கால் மாற்று அறுவை ஆகஸ்டில்தான்.

மே 2

விதிப் புத்தகத்தை இரண்டு தடவை படித்தேன். "பழமும் காய்கறியும்" என்றுதான் இருக்கிறது. என்ன பழம் என்று இல்லை. ரோஜாவும் பழுக்கும். ரோஜாக்காய் ஜாம் இல்லாத கடை உண்டா இந்த ஊரில்?

சங்கத் தலைவி சைட்லரிடம் போய்ச் சொன்னேன். அவர் அளவு நாடாவை மடக்கி மடக்கி வைத்தார்.

"பவுலி மேடம், அது பூச்செடி."

"காய்க்கும்."

"காய்ச்சா பாக்கலாம். ஒன்பதாம் தேதி செடியில காய் இருக்கணும். கதை எல்லாம் எழுதிக்க ஃபாரத்துல எடம் இல்ல."

ஜூன் 11

முதல் பூ. ஐந்தே இதழ், இளஞ்சிவப்பு. அழகாக இருக்கிறது. அதற்கு நோட்டீஸ் விஷயம் தெரியாது.

ஜூலை 5

காய் பிடிக்க வேண்டுமென்றால் வாடிய பூவைத் தொடக் கூடாது. தொடவில்லை. பாத்தி முழுக்கப் பழுப்பாக, நனைந்த காகிதம் ஒட்டியது போல இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் வேலியோரம் நின்று பார்க்கிறார்கள். 52-ஆம் தோட்டத்துப் பெண்மணி நாயையும் நிறுத்திக் காட்டினார்.

பெனிஷ் வெகுநேரம் பார்த்தார். கையில் கத்தரிக்கோல்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே, பவுலி மேடம்?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"சரி," என்றார். கத்தரிக்கோலை இரண்டு தடவை காற்றில் வெட்டிவிட்டு உள்ளே போனார்.

ஜூலை 30

பச்சைக் காய்கள். முந்நூற்று நாற்பது வரை எண்ணினேன், பிறகு மழை வந்துவிட்டது. சந்தோஷம்.

ஆகஸ்ட் 6

நாளை மறுநாள் அறுவை. அப்புறம் நடந்து பழக மறுவாழ்வு இல்லத்தில் மூன்று வாரம். பெனிஷிடம் கதவுச் சாவியைக் கொடுத்தேன்.

"தண்ணி ஊத்தினா போதும்."

"வேற ஏதாவது?"

"வேற ஒண்ணும் வேண்டாம்."

காயைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நோட்டீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு வருடமாக மழையைப் பற்றி மட்டும் பேசிய மனிதரிடம் அதை எப்படி ஆரம்பிப்பது?

ஆகஸ்ட் 19

புது முழங்கால் மடங்குகிறது. சாப்பாட்டில் உப்பு இல்லை.

செப்டம்பர் 2

ஊன்றுகோலோடு நேரே தோட்டத்துக்குப் போனேன்.

ஒரு காய் இல்லை. ஒன்றுகூட இல்லை. இருபத்திரண்டு செடியும் சலூனுக்குப் போய்வந்த மாதிரி மொட்டையாக, சுத்தமாக நின்றன. சிலதில் புது மொட்டு. பெனிஷ் வேலியோரம் வந்து நின்றார், முகமெல்லாம் சிரிப்பு. பதினொரு வருடத்தில் அவர் பல்லை இன்றுதான் பார்த்தேன்.

"முடிக்க நாலு நாள் ஆச்சு. ஒவ்வொண்ணா வெட்டினேன். கால் சரியில்லாம உங்களால முடியலன்னு தெரியும். கேக்க கூச்சப்பட்டீங்க போல."

நான் "நன்றி" என்றேன். தோட்டக் குடிசைக்குள் போய் உட்கார்ந்தேன்.

பாவி மனுஷா! உன்னை யாருய்யா கேட்டா? தண்ணிதானே ஊத்தச் சொன்னேன்? ஒரு வாடின பூவைப் பாத்துட்டு சும்மா இருக்கத் தெரியாதா இந்த ஊர்ல எவனுக்கும்? போச்சு. எல்லாம் போச்சு. — அவரைத் திட்டி என்ன? நானாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா?

செப்டம்பர் 3

சொல்லிவிட்டேன். இரண்டு கடிதங்களையும் வேலி மேல் வைத்தேன். பெனிஷ் தபால் நிலையத்தில் நாற்பது வருடம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். இரண்டையும் தேதி வாரியாக அடுக்கிவிட்டுப் படித்தார்.

"இது ரெண்டாவது," என்றார்.

"ஆமா."

"ஆறு நாள்தான் இருக்கு."

"ஆமா."

அவர் உரக்குழிக்குப் போய் ஒரு வாளியோடு வந்தார். வாளி நிறையப் பச்சைக் காய். அதை என் பக்கம் வைத்தார். நாங்கள் இருவரும் வாளியைப் பார்த்தோம். திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

செப்டம்பர் 8

சங்க விதிப்படி மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை யாரும் சத்தம் போடக் கூடாது. மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு என் கதவைத் தள்ளிக்கொண்டு பெனிஷின் ஒற்றைச் சக்கர வண்டி கிறீச்சென்று வந்தது. உள்ளே ஆறு முட்டைக்கோஸ், வேரோடும் மண்ணோடும்.

"என்ன இது?"

"கோஸ்."

"தெரியுது."

"நீங்க உக்காருங்க, பவுலி மேடம்."

ஆறு நடை. முப்பத்தாறு கோஸ். ரோஜாவுக்கு நடுவில் நூல் கட்டி, வரிசை பிடித்து நட்டார். நான் முக்காலியில் உட்கார்ந்து நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். ஏழு மணிக்கு முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், பத்தொன்பதாவது கோஸ் ஒரு விரல்கடை விலகியிருக்கிறது என்று மறுபடி குனிந்தார்.

செப்டம்பர் 9

சைட்லரும் இன்னும் இருவரும் பத்து மணிக்கு வந்தார்கள். சைட்லர் பாத்தியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

"ரோஜாவுக்கு நடுவுல கோஸா?"

வேலிக்கு அப்பாலிருந்து பெனிஷ் சொன்னார்: "கோஸுக்கு நடுவுல ரோஜா. ஊடுபயிர். பூச்சிக்கு நல்லது."

"எந்தப் பூச்சிக்கு?"

"எல்லாப் பூச்சிக்கும்."

சைட்லர் அளந்தார். மூன்றில் ஒரு பங்குக்குக் கைப்பிடி அளவு மேலேயே வந்தது. "கோஸ் கொஞ்சம் வாடியிருக்கு," என்றார்.

"எனக்கும்தான் ஆபரேஷன் ஆச்சு," என்றேன். ஃபாரத்தில் டிக் விழுந்தது.

அப்புறம் 48-க்குப் போனார்கள். நானும் வேலியோரம் நின்று பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெறும் மண். அதன் மேல் நேராக, விறைப்பாக, காலி நூல்கள்.

சைட்லர் கேட்டார்: "பெனிஷ் சார், உங்க கோஸெல்லாம் எங்க?"

"சாப்பிட்டுட்டேன்."

"முப்பத்தாறையுமா?"

"பசி."

செப்டம்பர் 21

பெனிஷுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. முதலாவது. வேலி மேல் வைத்துக் காட்டினார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுங்க. கோஸ எல்லாம் திருப்பித் தர்றேன்."

"ஒரு கோஸ எத்தன தடவ மேடம் புடுங்கறது? உங்களுக்கு அது ரெண்டாவது நோட்டீஸ். எனக்கு மொத தடவதான். அடுத்த செப்டம்பர் வரைக்கும் டைம் இருக்கு."

பிறகு சொன்னார்: "இங்கதான் எனக்கும் காலை வணக்கம் சொல்ல ஆள் இருக்கு."

நவம்பர் 3

கோஸ் சூப். எட்டாவது நாள்.

மார்ச் 30

ஃபோர்சிதியா பூத்தது. இருபத்திரண்டையும் வெட்டினேன். முக்காலி வேண்டியிருக்கவில்லை.

மே 14

48-இல் நாற்பது கோஸ் நாற்று நட்டேன். வலிக்கவில்லை. என் வரிசை கோணல் என்று அவருக்குத் தெரியும், கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். என் பாத்தியில் ரோஜாவுக்கு நடுவே நூக்கோல் செடிகள். வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடம் வெட்டியிருக்கிறோம். வேலிக்கு உயர வரம்புதான் உண்டு, ஓட்டையைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. பார்த்துவிட்டோம்.

ஜூன் 26

முதல் பூக்கள் வாடிவிட்டன. இந்த வருடம் காய் தேவையில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் காலையில் ஓட்டை வழியே வந்து, கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். இப்போதெல்லாம் மேடமும் இல்லை, சாரும் இல்லை, பெயர்தான்.

"இத வெட்டலாமா, கெர்லிண்ட?"

"வெட்டு, லோத்தார்."

வெட்டினார். அடுத்த பூவுக்கு நகர்ந்தார்.

"இத?"

இருபத்திரண்டு செடி. ஒவ்வொரு பூவுக்கும் கேட்கிறார். மதியம் ஒரு மணிக்கு ஏழாவது செடியில் இருந்தோம். சத்தம் போடக் கூடாத நேரம் என்பதால், அதற்கு மேல் தலையசைப்பில் கேட்டார்.