சுட்ட இன்ஜின்

அன்புள்ள கோகிலாவுக்கு,

நான் நலம். பாப்பா நிலாவின் சளி விட்டதா? உன் முதுகுவலிக்கு அஸ்தம்பட்டி டாக்டரிடம் மறுபடி போனாயா? போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

துபாய் முதலாளிக்காக கிரீஸ் நாட்டில் பழைய மோட்டார் படகு ஒன்று பார்க்க வந்திருக்கிறேன். படகைச் சோதித்துச் சொல்ல, விற்பவர் தன் சர்வேயரையே வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் வேறு ஆளை வரவழைத்தேன். இன்று அவர் சோதிக்கும் முன் இன்ஜின் மேல் கை வைத்தேன். சுட்டது.

பள்ளிபாளையத்தில் பழைய வேன் வாங்கப் போனபோது நீ பானெட்டைத் தொட்டு, "ஏனுங்க, நாம வாரதுக்கு முன்னாலயே ஓட்டி வெச்சிருக்காங்க. ஆறுனாத்தான் கொறை தெரியுமுங்க, நாளைக்கு வரலாம்" என்றாயே, அதையே சொன்னேன். விற்பவர் கத்தினார். முதலாளி போனில், "நாளைக்குள் முடி, இல்லையென்றால் ஊருக்கே போய்விடு" என்றார். ராத்திரி யாரும் மறுபடி ஓட்டிச் சூடேற்றாதபடி நான் இன்ஜின் அறைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

காலையில் ஆறிய இன்ஜினைக் கிளப்பி, சர்வேயரோடு கடலுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பயப்படாதே, லைஃப் ஜாக்கெட் உண்டு.

துபாய் முகவரிக்குப் பருப்புப் பொடியும் என் பழைய துண்டும் அனுப்பு. புதுசு வேண்டாம். கூப்பிடுகிறார்கள்.

உன்,
பூபதி

எனக்கு நீச்சல் தெரியாது என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நீயும் அம்மாவிடம் கடல் என்று சொல்லாதே.