நூகுவுக்கு நினைவிருக்கிறது

ஷார்ஜா, 1984

அன்புள்ள அஜீசுன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நல்லபடியாக இருக்கிறேன். உம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

நீ பேசி அனுப்பிய கேசட்டை வெள்ளிக்கிழமை, என்னோடு தங்கியிருக்கும் நூகுவின் டேப்பில் போட்டுக் கேட்டேன். எங்கள் அறையில் அது ஒன்றுதான், அதனால் அவனும் கூடவே கேட்டான். நேற்றுச் சாப்பிடும்போது, "கபீர் நானா, ஜொகராவுக்கு விழுந்த பல்லு முளைச்சிருக்குமா?" என்றான். எந்தப் பல் என்று கேட்டேன். "மச்சிதான் கேசட்டுல சொன்னாங்களே" என்று உன்னைச் சொன்னான். என் மகளுக்குப் பல் விழுந்தது எனக்கு நினைவில்லை.

பயப்படாதே. கப்பல் தொட்டிக்குள் பெயின்ட் அடிக்கிறேன் அல்லவா, அந்தத் தின்னர் வாடை மூளைக்கு ஏறினால் மறதி வருமாம். முகமூடி போட்டு, அடிக்கடி வெளியே வந்து காற்று வாங்கச் சொன்னார் டாக்டர். சிகரெட்டை விட்டு நன்றாகத் தூங்கவும் சொன்னார். நூகுவுக்கு அரிசிக்கடையில் வேலை. சிகரெட் தொடமாட்டான், படுத்ததும் தூங்கிவிடுவான், தலை தெளிவாக இருக்கிறது. மறுபடி கேசட்டைப் போட்டேன். நீ சிரிக்கும் இடம் வருவதற்கு முன்பே அவன் சிரிக்கிறான். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த மாதம் ஊரிலிருந்து கோட்டுச்சேரி ஆள் ஒருவர் இங்கே வருகிறார். முகமூடி கன்னத்தை அறுக்கிறது, உள்ளே வைத்துக்கொள்ள உன் பழைய மெல்லிய வாயில் துணிச் சேலையைக் கிழித்து அவரிடம் கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம்.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. இனி கேசட் வேண்டாம், காகிதத்தில் எழுது. மறந்தால் நானே திரும்பப் படித்துக்கொள்கிறேன். நீ சொன்னதை அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்னால் முடியாது.

உன் கபீர்