முள்ளைக் கழற்றிவைத்த நாட்கள்

ஜூலை 5, சனி

விடியற்காலையில் சுமத்ராக் காற்று. மழை ஜன்னல் வழியாகச் சமையலறைவரை வந்துவிட்டது. துடைத்தேன். பிறகு மீன்பிடிப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை. எல்லா லூரிலிருந்தும், அதாவது மீனை ஏமாற்றும் பொய்மீன்களிலிருந்தும், தூண்டில் முள்ளைக் கழற்றுவது. ஒரு பொய்மீனுக்கு இரண்டு கொத்து, கொத்துக்கு மூன்று முள். குறடு வழுக்கிக் கட்டைவிரலில் ஒரு குத்து. கழற்றியதெல்லாம் பழைய மைலோ டின்னுக்குள்.

காரணத்தை இங்கே மட்டும் எழுதுகிறேன். என் மனைவி சரோவுக்கு இடது மார்பில் கட்டி. புதன்கிழமை பரிசோதனைக்கு ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வரும் வெள்ளிக்கிழமை. யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று வீட்டுக்காரியின் உத்தரவு. அவள் அக்காவிடம் கூடாது, மெல்பர்னில் படிக்கும் மகனிடம் கூடவே கூடாது.

நேற்று வேலை முடிந்து நேராகச் சைனாடவுன் மாரியம்மன் கோயில். அவள் பேரில் அர்ச்சனை. கண்ணை மூடியதும் வாய் தானாக வேண்டிக்கொண்டது: இவளுக்கு ஒன்றும் இல்லை என்று வரும்வரை ஒரு மீன் வாயிலும் முள் ஏற்றமாட்டேன், தாயே.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சிகரெட்டை எப்போதோ விட்டாயிற்று. கறியை விட்டால் சரோ ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவாள். விடுவதற்கு என்னிடம் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

ஆனால் மீன்பிடிக்கப் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. நேற்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். முள் என்றுதான் சொன்னேன். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். முள் இல்லாமல் வீசுவதில் அம்மனுக்கு என்ன ஆட்சேபம்?

முள் போனதும் பொப்பர் கெட்டுவிட்டது. தண்ணீர் மேலே மிதந்து 'ப்ளக் ப்ளக்' என்று சத்தம் போட வேண்டிய லூர், பாத்ரூம் வாளியில் மல்லாந்து படுத்துக்கொண்டது. எடை போதவில்லை. வயிற்றில் ஈயக்கம்பி சுற்றினேன், அவிழ்த்தேன், மறுபடி சுற்றினேன். சரோ எட்டிப் பார்த்து வாளி வேண்டும் என்றாள். இன்றைக்கு எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

ஜூலை 6, ஞாயிறு

வெயில். காற்றே இல்லை. பிடோக் நீர்த்தேக்கம், நைனாவுடன்.

நைனாவுக்குச் சிராங்கூன் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை. எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் பக்கத்தில் நிற்கிற ஆள். இரண்டு பேரும் பிடிப்பது பீகாக் பாஸ் ஒன்றைத்தான். பிடித்து, அளந்து, போட்டோ எடுத்து, திரும்பத் தண்ணீரில் விடுவோம். குழம்புக்கு உதவாத மீனுக்கு இத்தனை செலவா என்று சரோ கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். இந்த வருடம் போட்டோவுக்கும் உதவவில்லை. பெரிய பீகாக் ஒன்றுகூட எனக்கு மாட்டவில்லை. புது ராட், புது ரீல், ஜப்பான் நூல். கையில் வந்ததெல்லாம் பாசி.

அடுத்தவர் கண் கோளாறைப் பார்த்தே பிழைக்கிறவனிடம் எதை மறைப்பது? முதல் வீச்சிலேயே கேட்டுவிட்டான்.

"என்னண்ணே, முள்ளக் காணோம்?"

வீச்சுப் பயிற்சி என்றேன்.

"பிரியாணிக் கடைக்குப் போயி வாசனை மட்டும் பிடிச்சுட்டு வர்ற மாதிரில்ல இருக்கு."

சிரித்துவைத்தேன். அப்போதுதான் வந்தது. மீன்பிடி மேடைக்கு வலதுபுறம் தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் மரத்தடியில். பொப்பர் இரண்டு தடவை சத்தம் போட்டது, மூன்றாவது தடவை அங்கே பொப்பரே இல்லை. தண்ணீர் குழிந்து வெடித்தது. ராட் வளைந்தது. பச்சையும் பொன்னுமாக முதுகு, வாலோரம் கண் மாதிரி அந்தக் கருப்புப் புள்ளி. என் முழங்கை நீளம் இருக்கும். பிறகு, வேறென்ன, துப்பிவிட்டது. மறுபடி வீசினேன், மறுபடி அடித்தது, மறுபடி துப்பியது. நாலாவது தடவை எனக்கே அழுகை வரும்போல் ஆகிவிட்டது. வருடம் பூராவும் முள்ளோடு வீசினேனே, எங்கே போயிருந்தது சனியன்?

பின்னால் நடைப்பயிற்சிக்கு வந்த சீன அங்கிள் ஒருவர் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹூக் இல்ல, எப்படி கேட்ச் லா?" அவருக்கு இருக்கிற அறிவுகூட எனக்கு இல்லை.

நைனா: மூன்று மீன், எல்லாம் உள்ளங்கை அளவு. நான்: பெயின்ட் உரிந்த பொப்பர் ஒன்று.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் தூறல். தெம்பனீஸில் பழுதுபார்க்க ஒரு லிஃப்ட், மூன்றாம் மாடியில் கதவு மூடாமல் அடம். உணரியில் கரப்பான். மனிதர் வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போனாலும் அடுக்குமாடி புளோக்குக்குப் புளோக் கரப்பான் குடும்பம் மட்டும் பிரியவில்லை. வேலை செய்யும்போது பின்னால் இரண்டு பெண்கள். முஸாங் கிங் டுரியான் பழம் இந்தத் தடவை மலிவு, ஆனால் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று பேச்சு. மற்றவர்கள் வீட்டில் இந்த மாதிரிக் கவலைதான் இருக்கிறது என்று எரிச்சலாக வந்தது. அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியவே தெரியாது.

வாங்க வேண்டியது: கத்தரிக்காய், சோப்புத்தூள், ஈயக்கம்பி.

சரோ ஃபிரிட்ஜைக் காலி செய்து கழுவிக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் கழுவினாள். நான் வாசலில் நின்றேன். உதவட்டுமா என்றேன், அவள் அடுத்த தட்டை உருவி அலசினாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

"என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்காதீங்க. போய் மீனாச்சும் பிடிங்க."

சொல்வது அவளுக்குச் சுலபம்.

ஜூலை 10, வியாழன்

புழுக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து குறுஞ்செய்தி. டாக்டர் விடுப்பாம், நாளை சந்திப்பு ரத்து, 17ஆம் தேதி வரவும்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது போன் போட்டேன். பாட்டு ஓடியது. சாப்பாட்டு நேரம் முழுக்க ஓடியது. கடைசியில் ஒரு சின்னப் பெண் குரல், வேறு டாக்டர் பார்க்க வாய்ப்பில்லை என்று மரியாதையாகச் சொல்லிற்று. கத்திவிட்டேன். ஒரு வாரம் என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு என்று ஏதேதோ. சரோ வந்து போனை என் கையிலிருந்து வாங்கி, அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லி வைத்தாள்.

கட்டி அவளுக்கு, கத்தல் எனக்கு. அவள், தான் சொல்லிக்கொடுக்கும் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் அடுத்த மாதத் தேசிய தின நடனத்துக்குக் காகிதத் தொப்பி ஒட்ட உட்கார்ந்துவிட்டாள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. பத்துத் தொப்பி நானும் ஒட்டினேன். கோணலாக இருக்கிறது என்று ஏழைப் பிரித்துவிட்டாள்.

ஜூலை 12, சனி

லேசான புகைமூட்டம். மாலையில் தனியாகப் பிடோக்.

கிளம்பும்போது மைலோ டின்னைத் திறந்து ஒரு கொத்து முள்ளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று என்னை நானே கேட்கவில்லை. கேட்டால் எடுத்திருக்க மாட்டேன்.

அதே மரம். அதே மீன்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. வந்த வேகத்தில் முதல் வீச்சுக்கே அடித்தது. இரண்டாவதற்கும். இரண்டாவது தடவை துப்பிவிட்டு மேலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போனது. கிண்டல் செய்வதற்கென்றே வளர்ந்த மீன். எனக்குள் ஏதோ அறுந்தது. ஒரு வாரமாக எல்லாவற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் விடுப்பு. கரப்பான். கோணல் தொப்பி. இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றாவது நான் இழுத்தால் வரக்கூடாதா?

முள்ளை மாட்டினேன். கை நடுங்கவில்லை, அதுதான் அசிங்கம். வீசினேன்.

வரவில்லை.

மறுபடி வீசினேன். மரத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மெதுவாக, வேகமாக. இருட்டுகிற வரை. ஒரு சுழிகூட இல்லை. நீர்த்தேக்கம் குளியல் தொட்டி மாதிரி சும்மா கிடந்தது.

ஆக வேண்டுதலும் போச்சு, மீனும் போச்சு. இல்லை. வேண்டுதல் போனதா? 'மீன் வாயில் முள் ஏற்றமாட்டேன்' என்றுதானே சொன்னேன். எந்த வாயிலும் ஏறவில்லையே. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே வழக்கு. வாதியும் நான், வக்கீலும் நான். தீர்ப்பு சொல்லத்தான் ஆளில்லை. வீட்டில் சரோ தோசை வார்த்துவைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பயம். அவளுக்கு ஏதாவது என்று வந்தால் முள் மாட்டி வீசிய அந்த வீச்சின் பழி என் கையில் இருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

மழை வரும், வராது என்று வானம். நைனாவுடன் போனேன், வீசவில்லை.

ஒரு சிநேகிதன் ஒரு வேண்டுதல் வைத்தான் என்று ஆரம்பித்துக் கதையைச் சொன்னேன். மீனில்லாமல், மனைவியில்லாமல், மொட்டையாக. செய்ய நினைத்துக் கை வைத்தான், காரியம் நடக்கவில்லை, அது தப்பில் சேருமா?

"எங்க பக்கம் நிய்யத்துதாண்ணே. மனசுல என்ன நெனச்சுச் செஞ்சோம்கிறதுதான் கணக்கு" என்றான், நூலைச் சுற்றிக்கொண்டே. பிறகு என்னைப் பார்த்தான். அவன் சுற்றுவதை நிறுத்திவிட்டான். "யாருண்ணே அந்த சிநேகிதன்?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். சரோவின் உத்தரவையும் மீறியாயிற்று, மீறுவதே தொழிலாகிவிட்டது இந்த வாரம்.

அவன் ராடைக் கீழே வைத்தான். அண்ணி சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா என்று கேட்டான். நிய்யத்து என்று தெரியாமல் சொல்லிவிட்டேன், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றான். சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா? அவனுக்கும் தெரியும். தொழுகையில் அண்ணிக்காகத் துஆ செய்கிறேன் என்றான். நான் கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னேன்.

"அம்மன்கிட்ட அப்புறம் போங்கண்ணே. மொதல்ல அண்ணிகிட்ட சொல்லுங்க."

கண்ணாடி விற்கிறவன் கண்ணாடியைப் பற்றி மட்டும் பேசினால் நன்றாக இருக்கும். எட்டு மணிக்கே மூட்டை கட்டிவிட்டோம். தேக்கா சந்தையில் தே தாரிக் டீ குடித்தோம். காசு அவன் கொடுத்தான்.

ஜூலை 15, செவ்வாய்

நேற்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. இன்றும் சொல்லியிருக்க மாட்டேன், அவளே கேட்டுவிட்டாள்: லூரில் ஏன் முள்ளே இல்லை? அலமாரியைத் துடைக்கும்போது பெட்டியைத் திறந்திருக்கிறாள். துடைக்க இனி வீட்டில் மிச்சம் இல்லை.

பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். கோயில், வேண்டுதல், முள், சனிக்கிழமை. நைனாவிடம் சொன்னதையும் சேர்த்து. அழுவாள் என்று நினைத்தேன். முதலில் சிரித்தாள்.

"அம்மனுக்கே வக்கீல் நோட்டீஸ் குடுத்திருக்கீங்க."

பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். நான் அடிக்கு ஆயத்தமாக இருந்தேன். முள்ளோடு வீசினதற்குத் திட்டுவாள் என்று. அவளுக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை.

"என்னைக் கேட்டீங்களா? என் உடம்பைக் கொண்டுபோய் ஒரு மீன் வாயில வெச்சிருக்கீங்க. நாளைக்கி ஏதாச்சும்னு வந்துட்டா, நீங்க வீசினதாலதான்னு ஒரு மூலையில உக்காந்துருவீங்க. அப்புறம் நான் எந்திரிச்சு உங்களைத் தேத்தணும். எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இருக்காதுங்க."

அப்படியெல்லாம் இருக்கமாட்டேன் என்றேன்.

"இப்பவே அப்படித்தான் இருக்கீங்க."

பயத்தங்காயை நான் நறுக்கினேன். அளவு சரியில்லையாம். சாப்பிட்டோம். மகன் வீடியோ காலில் வந்தான், குளிர் என்றான், அம்மா நல்லா இருக்கீங்களா என்றான். நல்லா இருக்கேன் என்றாள். எப்படித்தான் அந்தக் குரல் வருகிறதோ அவளுக்கு.

ஜூலை 17, வியாழன்

கொளுத்தும் வெயில். டாக்சி. முப்பது வயதுகூட இருக்காது டாக்டருக்கு, சீனப் பெண். முன்னால் காகிதத்தை வைத்து ஒரு வட்டம் போட்டு, அதற்குள் சின்னதாக இன்னொன்று போட்டாள். புற்றுதான் என்றாள். ஆரம்ப நிலை, பரவினதாகத் தெரியவில்லை, எடுத்துவிடலாம், அதன்பிறகு மருந்து. அடுத்த வெள்ளி ஆபரேஷன்.

சரோ வரிசையாகக் கேட்டாள். எத்தனை நாள் விடுப்பு எடுக்கணும். தேசிய தினத்துக்குப் பிள்ளைகள் ஆடும்போது பக்கத்தில் நிற்க முடியுமா. முடி கொட்டுமா. கையைத் தூக்க முடியுமா. ஒவ்வொரு பதிலையும் போனில் குறித்துக்கொண்டாள். விரல் நிதானமாக இருந்தது.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பி, உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா என்றாள்.

கேட்டேன். இது எப்போதிலிருந்து இருக்கிறது?

துல்லியமாகச் சொல்ல முடியாது என்றாள். மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேல்கூட இருக்கலாம். அந்தச் சனிக்கிழமை நான் முள்ளோடு வீசியதற்கு ரொம்ப முன்னால். மரத்தடி மீனுக்கும் என் வேண்டுதலுக்கும் முன்னால். என் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. பெரிய மூச்சு, அந்தச் சின்ன அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி. அடக்கவேண்டும் என்று தோன்றுவதற்குள் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் இலேசாக இருந்தது, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

சரோ எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"நல்லது. உங்க ரிசல்ட்டு நல்லபடியா வந்துருச்சு."

டாக்டருக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டாள். நான் சரோவைப் பார்த்தேன். சரோதான் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள், என் கணவருக்கு வேறு கேள்வி இல்லை என்று.