சனிக்கிழமைச் சம்பளம்

எடப்பாடி
7.1.2025

அன்புள்ள மலர் நங்கைக்கு,

இந்த அர்த்த ராத்திரியில் எழுதுவதற்கு மன்னிச்சுக்கோங்க. அபிநயா இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசினால் பக்கத்து அறையில் படுத்திருக்கும் உங்கப்பாவுக்கு எல்லாம் கேட்டுவிடும். அதனால்தான் மெயில்.

மாமா தண்ணீர் குடிப்பதில்லை. பார்த்துக்கொள்ள சடையண்ணன் இருந்தவரை தொந்தரவில்லை. அவர் தன் மகன் வீட்டோடு போய்விட்டதால் டயாப்பர் மாற்றுவது, துடைத்துவிடுவது எல்லாம் நான்தான். உங்க தம்பி போர்வெல் ரிக் வண்டியோடு ராய்ப்பூர் போனால் வர மூன்று மாதம். என் கை பட்டதும் மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்கிறார். தண்ணீர் குடித்தால்தானே மருமகளைக் கூப்பிட வேண்டும்? டம்ளரில் உதட்டை நனைத்துவிட்டு "போதும் அம்மணி" என்கிறார்.

நேற்று நல்ல காய்ச்சல். சிறுநீரில் கிருமியாம். இன்னொரு தடவை வந்தால் கிட்னி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்கூல் வேலையையும் விட்டுவிட்டேன். பயமாக இருக்கிறது நங்கை.

மதுமதி

பெர்த்
9.1.2025

மது கண்ணு,

பஸ்ஸில் வரும்போதே படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இங்கே முதியோர் இல்லத்தில் யார் யார் அப்பாவையோ குளிப்பாட்டிச் சம்பளம் வாங்குகிறேன். எங்கப்பாவைக் குளிப்பாட்டும் உனக்கு "நல்லா இரு சாமி" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். எனக்கே கேவலமாக இருக்கிறது. சடையனுக்கு அனுப்பியதை இனி மாதாமாதம் உன் கணக்கில் போடுகிறேன். உதவி என்று நினைக்காதே. சம்பளம்தான்.

அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். "எம்மருமவ என்ன வேலைக்காரியா"ன்னு ஊட்டையே ரெண்டாக்கிருவார். தர்ப்பூசணி கொடுத்துப் பார்.

மலர்விழி

எடப்பாடி
16.2.2025

அன்புள்ள நங்கைக்கு,

பணம் வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. அபிக்குச் செருப்பு வாங்கினேன். திருடிய மாதிரி, மாமா கண்ணில் படாமல் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

தர்ப்பூசணியையும் துப்புகிறார். நாக்கு வறண்டு வெடித்திருக்கிறது. ராத்திரி மூன்று தடவை எழுந்து, மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

மதுமதி

பெர்த்
12.3.2025

மது,

அப்பா கூடப் பிறந்த செல்லாயி அத்தை போன் செய்து, ஒரு மணி நேரம் என்னைத் திட்டித் தீர்த்தது. தம்பி சந்தோஷ் வாய்தவறிச் சொல்லியிருக்கிறான். "மாமனாருக்குக் கால் கழுவக் கூலி வாங்கற மருமவளை நம்ம சாதிசனத்துல எங்கயாச்சும் பாத்திருக்கறயா"ன்னு கேட்டது. அப்பா காதிலும் போட்டுவிட்டதாம். அவர் மனசு ஒடிந்து போயிருப்பார். அவர் முகத்தைப் பார்க்கும் தெம்பு எனக்கில்லை.

இந்த மாதத்திலிருந்து சம்பளம் என்ற பேச்சு வேண்டாம். கோவிச்சுக்காதே. பதிலுக்கு அபிக்கு ஒரு சங்கிலி செய்து போடுகிறேன். அத்தை முறைக்குச் செய்வதை யாரும் குறை சொல்ல முடியாதல்லவா?

மலர்விழி

எடப்பாடி
13.3.2025

அன்புள்ள நங்கைக்கு,

இன்றும் நேரங்கெட்ட நேரம்தான். ஆனால் விடியும்வரை பொறுக்க முடியவில்லை.

மாமா மனசு ஒடியவில்லை. நடந்ததை நான்தான் உங்களிடம் சொல்லாமல் இருந்தேன். வெளியே சொன்னால் நின்றுபோய்விடுமோ என்ற பயம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் செல்லாயி அத்தை கட்டிலருகே நின்று உடைத்துச் சொல்லிவிட்டுப் போனது. நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா கூப்பிட்டார்.

"நெசமா அம்மணி? சம்பளம் வாங்கறயா?"

"ஆமாங்க மாமா."

"சடையனுக்குக் குடுத்த அதே சம்பளமா?"

"அதேதானுங்க."

அப்புறம், "ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றார். முழுச் சொம்பும் குடித்தார் நங்கை. சாயங்காலம் அவரே கூப்பிட்டு, "துணி நனஞ்சிருச்சு, மாத்து" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து ஒரே அதிகாரம். "சம்பளம் வாங்கறயல்ல, தலகாணிய நேரா வை." பணத்தை வாராவாரம் தன் கையில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி, சனிக்கிழமை சாயங்காலம், அந்தக் காலத்தில் காட்டு வேலையாட்களுக்குக் கூலி கொடுத்த மாதிரி, வாதத்தில் வராத கையை வருகிற கையால் தாங்கி எனக்குக் கொடுக்கிறார். மூன்று சனிக்கிழமை ஆயிற்று. "ஞாயித்துக்கெழம லீவு எடுத்துக்க அம்மணி" என்கிறார். உங்களை யாருங்க மாமா பார்ப்பது என்றேன். "அன்னைக்கு ஒரு நாளைக்குத் தண்ணி குடிக்காம இருந்துக்கறேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சம்பளம் நின்றால் நான் மறுபடி மருமகள்தானே? சங்கிலி போட்டால் இன்னும் மோசம். சும்மா செய்கிறவளுக்கு எதற்கு வேலை வைக்க வேண்டும் என்று டம்ளரைத் தள்ளிவிடுவார். என் பணத்தையே கொடுத்து ஏமாற்றவும் வழியில்லை. "பெரியவ அனுப்பிச்சாளா?" என்று செல்லில் வந்த மெசேஜைக் காட்டச் சொல்கிறார்.

எனக்கும் அந்தப் பணம் வேண்டும்தான், மறைக்கவில்லை. ஆனால் எனக்காகக் கேட்கவில்லை. ஊர் பேசட்டும், அத்தையிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

நாளை மறுநாள் சனிக்கிழமை. சீக்கிரம் பதில் போடுங்க நங்கை.

மதுமதி