அன்புடன் காத்திருக்கவும்

மார்ச் 3, திங்கள்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று முற்பகல் ‘தயவுசெய்து’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘அன்புடன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இந்தப் பரிசோதனைக் கூடத்தின் இணையதளத்தில் ஒருவர் கேட்கும் பக்கம் கிடைக்காமல் போனால், இனிமேல் 404 என்ற எண்ணும் அதன்கீழே ஆங்கிலத்தில் ஒரு முறைப்பும் வராது. “உங்கள் முடிவு இன்னும் தயாராகவில்லை. அன்புடன் காத்திருக்கவும்” என்று வரும். சரித்திரம் இதைக் கவனிக்காது. அது அதன் பிழை.

மேலாளர் உடனே ஒப்புக்கொண்டார். “சுருக்கமா சொல்றேன்” என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசுவதால் அவருக்கு எங்களிடையே ‘சுருக்கம்’ என்று பெயர். இன்று நிஜமாகவே சுருக்கமாகச் சொன்னார்: “‘பக்கம் காணவில்லை’ன்னு போட்டா நாம தொலைச்சுட்ட மாதிரி இருக்கு. ‘தயாராகலை’ன்னா நாம உழைச்சிட்டு இருக்கிற மாதிரி இருக்கு.”

என் மனைவிக்கு இடது மார்பில் ஒரு கட்டி. நாளை மறுநாள் மருத்துவர் அதிலிருந்து சோதனைக்காக ஒரு துணுக்குத் திசு எடுக்கிறார். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

புதிய சர்வருக்கு மாறிவிட்டோம். ஜாவா சர்வரில் முடிவுப் பக்கம் என்று ஒன்று எந்த மூலையிலும் தயாராகக் கிடப்பதில்லை. ஒருவர் முகவரியைத் தட்டினால் அந்த நொடியில் ஒரு நிரல் எழுந்து பக்கத்தை உண்டாக்கிக் கொடுக்கும். எந்த முகவரிக்கு எந்த நிரல் எழ வேண்டும் என்று ஒரு கோப்பில் வரி வரியாக எழுதி வைப்பவன் நான். பன்னிரண்டு வருடப் படிப்பும் நான்கு வருடக் கல்லூரியும் இதற்காகத்தான்.

இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, திசு. ஆளுக்கொரு வரி. இவற்றில் எதற்கும் பொருந்தாத முகவரிகள் கடைசி வரிக்கு வந்து சேரும். அந்த வரியில் ஒரே ஒரு சாய்கோடு. அனாதை முகவரிகளுக்கான விடுதி. என் வாக்கியம் அங்கேதான் குடியிருக்கிறது.

நான்கு பிரிவுகளின் முகப்பையும் திறந்து பார்த்தேன். நான்கும் திறந்தன. முடிந்தது என்று சுருக்கத்திடம் சொன்னேன்.

மார்ச் 5, புதன்

துணுக்கு எடுத்தாயிற்று. அது எங்கள் கூடத்துக்குத்தான் வரும். இந்த ஊரில் திசு பார்க்க வேறு இடம் இல்லை.

மருத்துவர் கைகழுவிக்கொண்டே பேசினார். “இப்பல்லாம் பேப்பர் கிடையாதுங்க, நெட்லயே வந்துடும். வந்த அன்னிக்கே வாங்க. நான் பதினாலு வரைக்கும்தான் இருப்பேன், அப்புறம் மூணு வாரம் லீவு. வெட்டணும்னா அதுக்குள்ள முடிச்சிடலாம்.” ‘வெட்டணும்னா’ என்பதை, காபி வேணும்னா என்று கேட்கிற குரலில் சொன்னார். அந்தக் குரலுக்கும் தனியாகப் படித்திருப்பார் போல.

வீடு திரும்பும் வழியில் இவள் ஒரு நிபந்தனை போட்டாள். “உங்க ஆபீஸ்ல யார்கிட்டயும் கேக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்குள்ள போய்த் தோண்டவும் கூடாது. எல்லாருக்கும் எப்படி வருதோ அப்படியே எனக்கும் வரட்டும்.”

“நான் எதுக்குத் தோண்டப் போறேன்?”

“உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? எனக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சா, மூஞ்சியிலயே எழுதி ஒட்டிட்டு வருவீங்க.”

சத்தியம் செய்தேன்.

மார்ச் 8, சனி

இன்னும் தயாராகவில்லை. கூடத்தில் கொடுத்த சீட்டின் எண்ணைப் போட்டால் முடிவின் முகவரிக்குப் போகிறது, என் வாக்கியம் வருகிறது. முதன்முறை அதை ஒரு நோயாளியின் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து படித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இவள் தோளுக்குப் பின்னாலிருந்து சத்தமாகப் படித்தாள். “‘அன்புடன் காத்திருக்கவும்.’ யார் மேல அன்பு? என் மேலயா, கட்டி மேலயா?”

எழுதியவன் நான் என்று சொல்லவில்லை. அடக்கம்.

மார்ச் 10, திங்கள்

தயாராகவில்லை.

மார்ச் 12, புதன்

இணையதளத்தைப் பற்றி வரும் புகார் அழைப்புகள் பாதியாகக் குறைந்துவிட்டன. சுருக்கம் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். “சுருக்கமா சொன்னா, இவர் ஒரு வாக்கியத்துல நம்ம போனையே நிறுத்திட்டாரு.” கை தட்டினார்கள். எழுந்து நின்று லேசாகத் தலை குனிந்தேன்.

வீட்டில் தயாராகவில்லை.

ஏன் இத்தனை நாள்? ஒன்றுமில்லை என்றால் சட்டென்று சொல்லியிருப்பார்களே. ஏதோ இருந்து, சந்தேகம் வந்து, ரெண்டாவது ஆள்கிட்ட காட்டறாங்களோ? இல்லை, தெளிவா இருந்தாத்தான் சீக்கிரம் வரும், தெளிவா இல்லாதது நல்லதுக்குத்தான் – இப்படி ஒரு நாளைக்கு நாலு தரம் கட்சி மாறுகிறேன். என்னையே எதிர்த்து வாதாடி என்னிடமே தோற்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

முன்மேசையில் உட்காரும் பெண் மேலே வந்தாள். “சார், கீழ ஒரு டாக்சிக்காரர் நிக்கறார். அவங்கம்மாவோட திசு முடிவு வந்திருக்கணுமாம். சத்தம் போடறார்.”

“நம்ம சைட்ல என்ன வருது?”

“தயாராகலைன்னு வருது.”

“அப்ப தயாராகலை. ஸ்கிரீன்லயே போட்டிருக்குல்ல?”

“அதைத்தான் சார் நானும் சொன்னேன். ‘அன்புடன்னு வேற போட்டிருக்கு, பாருங்க’ன்னேன். அதுக்கப்புறம்தான் ஜாஸ்தி கத்தறார்.”

சிரித்தோம். அவர் போய்விட்டார் என்று பிறகு சொன்னாள்.

மார்ச் 14, வெள்ளி

லீவுக்கு முன் மருத்துவரின் கடைசி நாள். இவள் காலையிலேயே ஒரு பையில் இரண்டு நைட்டி, துண்டு, பல் துலக்கி, செருப்பு எல்லாம் எடுத்து வைத்துக் கதவோரம் வைத்துவிட்டாள். நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

மதியம் உணவறையில் திசுப் பிரிவுக்காரர் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவர் அவர்தான். அவர் பார்ப்பது எண்களை மட்டும். யாருடைய துணுக்கு என்று அவருக்குத் தெரியாது. புதுச் செருப்பு கடிப்பதைப் பற்றி வெகு நேரம் சொன்னார். இடது காலா, வலது காலா என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. சத்தியம் சத்தியம்தான். என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

மாலை ஆறு மணிக்கும் தயாராகவில்லை. இவள் பையிலிருந்து பல் துலக்கியை மட்டும் எடுத்தாள். “ராத்திரிக்கு வேணும்ல.”

ஒரு வகையில் நிம்மதி. இன்று கெட்ட செய்தி வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

நிதானமாக எழுத வேண்டும்.

காலை பேருந்தில் நின்றபடி முகவரியை நேராகத் தட்டினேன். வண்டி குலுங்கி, எண்ணுக்குப் பின்னால் விரல் போன போக்கில் நாலைந்து எழுத்து சேர்ந்துவிட்டது. பக்கம் வந்தது. உங்கள் முடிவு இன்னும் தயாராகவில்லை. அப்படி ஒரு சீட்டே உலகத்தில் கிடையாது.

திசு என்பதற்குப் பின்னால் சுருக்கத்தின் பட்டப்பெயரைத் தட்டினேன். அவருடைய முடிவும் தயாராகவில்லை. அன்புடன்.

அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்தேன். இரத்தம், ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரக் குறி. சிறுநீர், அப்படியே. எக்ஸ்ரே, அப்படியே. திசு – நட்சத்திரம் இல்லை. அந்தக் குறி இருந்தால்தான் திசுவுக்குப் பின்னால் வரும் எந்தச் சீட்டு எண்ணும் திசு நிரலுக்குப் போகும். இல்லாவிட்டால் முகப்பு மட்டும் திறக்கும். எண்கள் எல்லாம் விடுதிக்குப் போகும். நான் முகப்பைத்தானே திறந்து பார்த்தேன். நாலும் திறந்துச்சே! திறந்துச்சுன்னு போய்ச் சொன்னேனே.

பத்து நாளா நானே எழுதினதை நானே படிச்சு நானே நம்பிட்டு இருந்திருக்கேன். 404ன்னு வந்திருந்தா அன்னிக்கே ஓடிப் போய்ப் பாத்திருப்பேனே. எனக்கு எதுக்கு அன்பு?

குறியைப் போட்டேன். சர்வரை நிறுத்திக் கிளப்பினேன். இவளுடைய எண்ணைத் தட்டினேன். பக்கம் வந்தது. முதல் வரியில் முடிவு வெளியான தேதி: மார்ச் 10. இரண்டாவது வரியில் அந்தச் சொல் இருந்தது. நான் முதல் வரியையே படித்துக்கொண்டிருந்தேன்.

முன்மேசைப் பெண்ணிடம் டாக்சிக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். திசு முடிவுக்குக் காத்திருக்கும் மற்றவர்களையும்தான். காரணம் என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். என் பெயரைச் சொல் என்றேன். சுருக்கத்திடமும் போய்ச் சொன்னேன்.

வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். சத்தியத்தின் அவசியம் அங்கேயே முடிந்துவிட்டது.

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“எப்ப?”

“பத்தாம் தேதி.”

“இன்னிக்குப் பதினேழு இல்ல?”

சொன்னேன். சாய்கோடு, நட்சத்திரக் குறி, கடைசி வரி, எல்லாவற்றையும். படம் கூடப் போட்டுக் காட்டினேன், எதற்கென்று தெரியவில்லை. அவள் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

“அப்ப அந்த வாக்கியம் நீங்க எழுதினதா?”

“ஆமா.”

“நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள். பிறகு எழுந்து போய்ப் பல் துலக்கியைப் பையில் திரும்ப வைத்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

மருத்துவமனைக்குப் போனோம். பொறுப்பில் இருக்கும் இளம் மருத்துவர் முடிவை இரண்டு முறை படித்தார். இதை லீவில் இருக்கும் பெரிய மருத்துவரே செய்வதுதான் சரி என்றார். அவர் ஏப்ரல் 7 திரும்புகிறார். காலியாக இருக்கும் முதல் நாள் ஏப்ரல் 9, காலை ஏழரை மணி.