மஞ்சள் தடவிய பத்திரிகையில் இல்லாத நோய்

என் பாசமுள்ள அண்ணே,

பாசம் என்று எழுதிவிட்டேனே தவிர, கோபத்தோடுதான் எழுதுகிறேன். செத்துப்போனவரோடு என்ன சண்டை என்று கேட்பீர்கள். போடாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

உங்கள் பெயரில் அறக்கட்டளை தொடங்கிவிட்டான் நம் தம்பி செல்வராசு. கணையப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கிற அறக்கட்டளை. போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் மண்டபம் பிடித்து விழா. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. அதில் உங்கள் படம் இருக்கிறது, நம் மரச்சாமான் கடையின் பெயர் இருக்கிறது, நோயின் பெயர் மட்டும் இல்லை. 'வயிற்று நல ஆராய்ச்சி' என்று போட்டிருக்கிறான். கேட்டால், "மஞ்சத் தடவுன பத்திரிகையில கேன்சர்னு போடுறதாக்கா? வெளங்குமா?" என்கிறான். எந்த நோய்க்காக நிதி கொடுக்கிறானோ, அதன் பெயரைச் சொல்ல இவனுக்கு வாய் கூசுகிறது!

ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இது வந்திருக்கா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், பரிமாறிக்கொண்டிருந்த செல்வராசு குறுக்கே பாய்ந்தான். "வேற யாருக்கும் இல்ல டாக்டரம்மா. எங்கப்பா அல்சர்ல போனாக."

அல்சர்! அந்தப் பொய்யை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே? அப்பாவுக்குக் கணையத்தில் வந்தபோது, "வெளிய தெரிஞ்சா தங்கச்சிய எவன் கட்டுவான்?" என்று எல்லார் வாயையும் அடைத்தீர்கள். எனக்கு அரியக்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. சந்தோசம். ஆனால் உங்களுக்கே வயிறு வலித்தபோது, அப்பா அல்சரில் போனார் என்று டாக்டரிடமும் அதே கதையைத்தானே சொன்னீர்கள்? அவரும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் முன்னாடியே தேடிப் பார்த்திருப்பாரோ என்னவோ. என் கல்யாணம்தான் எப்போதோ முடிந்துவிட்டதே, பிறகு யாருக்காக மறைத்தீர்கள்? உங்களை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

பந்தியிலேயே சொல்லிவிட்டேன். "எங்கப்பாவுக்கும் இதே நோய்தான் டாக்டரம்மா." செல்வராசு சாம்பார் வாளியோடு அப்படியே நின்றான். குடும்பத்தார் இரத்தம் கொடுத்தால் இது பரம்பரையாக வருகிறதா என்று பரிசோதித்துப் பார்க்கலாம், ஆராய்ச்சிக்கும் உதவும் என்றார் டாக்டரம்மா.

"அக்கா, ஒங்களுக்கு என்ன பைத்தியமா? நம்ம கவிதாவுக்கு ஒக்கூர்லருந்து பொண்ணு கேட்டு வாராக. இப்பப் போயி ரத்தங்கித்தம்னு பேசுறீக!" என்று பல்லைக் கடித்தான்.

"அப்பொறம் எதுக்குடா அறக்கட்டளை? ஊரான் வீட்டு ரத்தத்த வாங்கி ஆராய்ச்சி பண்ணவா?"

எதிர் இலையில் உங்கள் மகள் கவிதா. தாத்தாவுக்கும் அதே நோய்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரியும், அண்ணே. பெற்ற மகளிடமும் மறைத்திருக்கிறீர்கள். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினாள். "அத்தை, நீங்க ரத்தம் குடுக்கப் போறப்ப நானும் வாரேன்" என்றாள்.

புதன்கிழமை நாங்கள் இருவரும் மதுரைக்குப் போகிறோம். செல்வராசு வரமாட்டானாம். வெள்ளிக்கிழமை ஒக்கூர்க்காரர்கள் வருகிறார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கவிதாவைக் கேட்டேன், சரி என்றுவிட்டாள். அவர்கள் கையில் காபி கொடுப்பதற்கு முன்னால், அப்பாவுக்கு வந்ததையும் உங்களுக்கு வந்ததையும் பெயர் சொல்லிச் சொல்வேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும். பொய் சொல்லி உங்கள் மகளைக் கட்டிக்கொடுக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்த தங்கச்சி,
மீனாள்