மூன்றாம் ஓலை

ஜூலை 6, ஞாயிறு

இல்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கல்யாணத்துக்குத் தலையாட்டியது நான்தான். அம்மா கேட்ட அன்று அவள் முகத்தில் அவ்வளவு களைப்பு.

காலையிலிருந்து சாரல். தென்காசி முழுக்க ஈரத்துணி வாசனை. ஆராதனையில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். என் பெயர், டேனியல் பெயர். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், இது முதல். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் எங்கள் போதகர், சபை ஐயர். எங்கோ ஓர் இருமல். தடை, வெள்ளைச் சேலையில், பாடகர் வரிசையில் உட்கார்ந்திருந்தது: நான்.

அடுத்த பாட்டில் நான் பாடும் ஆல்டோ, பெண்களின் கீழ்க்குரல், தவறியது. பக்கத்தில் சாலோமி அக்கா, முழங்கையால் இடித்து: "ஏட்டி, கல்யாணமே முடியல. அதுக்குள்ள சுருதி துபாய்க்குப் போயிருச்சா?"

டேனியலுக்கு அங்கே வேலை. நல்லவன். அதுதான் கஷ்டம்.

ஜூலை 9, புதன்

ஐந்தருவி. சி.யுடன். சிந்து. முழுப்பெயரே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள். செங்கோட்டை மருந்துக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

பெண்கள் பக்கம் கூட்டம். பாறை வழுக்கும், யாரும் யார் கையையும் பிடிக்கலாம். பிடித்துக்கொண்டோம். பகலில், வெளியில், எங்களுக்கு அந்த ஓரிடம்தான்.

பிறகு மிளகாய் பஜ்ஜி. தலை துவட்டவில்லை. பஸ் ஏறும் முன் சொன்னாள்: "எனக்காகக் கல்யாணத்த நிறுத்தாத. அப்புறம் சர்ச்சுக்கும் போகாம என் மூஞ்சியவே பாத்துட்டு இருப்ப. உனக்கு வேண்டாம்னா நிறுத்து."

ஜெபத்தில் நான் எதையும் மறைத்ததில்லை. அங்கே பயமும் இல்லை. பயமெல்லாம் பெஞ்சுகளில் இருப்பவர்களிடம்தான். அவர்களை விட்டுப் போகவும் மனமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வாங்க: புளி, அம்மா மாத்திரை. குடைக்கம்பி சரி செய்ய.

இரண்டாம் ஓலை. முடிந்ததும் அம்மா வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சிரித்தாள். அப்பா போனபின் அவள் அப்படி நின்று பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு நிற்பது என் பொய்யின் மேல்.

ஜூலை 16, புதன்

டேனியலுக்கு போன். கல்யாணம் வேண்டாம் என்றேன். வேறு ஆளா என்றான். ஆமாம். யார் என்று கேட்கவில்லை. ஓலை வாசிக்கும் முன்பே சொல்லியிருக்கலாமே என்றான். நியாயம்.

சாயங்காலம் ஐயர் வீடு. மூன்றாம் ஓலை வேண்டாம் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். சிந்து பெயரையும். ஆறிய டீயை மறுபடி ஆற்றினார். வேதத்தில் இதைப் பற்றித் தான் படித்தது வேறு என்றார். பொய் சொல்லி ஆசீர்வாதம் வாங்கச் சொல்லவும் தன்னால் ஆகாது என்றார். மழை பெய்கிறது என்று வாசல்வரை வந்தார். "ஞாயித்துக்கிழமை பாட்டுக்கு வந்துரும்மா."

ஜூலை 17, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்தாள்.

"யாரு, அந்தச் செங்கோட்டைப் பிள்ளையா?"

தெரிந்தே இருந்திருக்கிறது. உள் அறைக்குப் போனாள். வெங்காயம் பாதி நறுக்கியபடி கிடந்தது.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா வரவில்லை. தலைவலியாம். நான் செருப்பு மாட்டும்போது உள்ளிருந்து: "ஆல்டோவுக்கு ஆளில்லன்னு சொல்லுவியே. நேரத்தோட போ."

அறிவிப்புகள். பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி, கூரை ஒழுகல். எங்கள் பெயர்கள் இல்லை. தலைகள் திரும்பின. பின்னால் யாரோ, "ஐயரு மறந்துட்டாவளோ?"

சாலோமி அக்கா என்னைப் பார்த்தாள். நெடுநேரம். பாட்டுப் புத்தகத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

எழுந்து நின்று என் பகுதியைப் பாடினேன்.